தோற்றபின் வரும் திங்கட்கிழமை

2015 அக்டோபர் 17, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் ஃபுட்பால் ஆட்டம். உள்ளே 1 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு மேல். எதிரணி, அதே மாநிலத்தில் காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம். பங்காளிகள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிய 10 நொடி பாக்கி. 23–21 என்று மிச்சிகன் முன்னால் நிற்கிறது. பந்தும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதை உதைத்து எதிரணிப் பக்கம் தூரமாக விரட்டிவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

உதைக்க நின்றவருக்குப் பந்து தாழ்வாக வந்தது. கையில் நிற்கவில்லை. குனிந்து எடுத்து எப்படியாவது உதைத்துவிடப் பார்த்தார். பந்து துள்ளி எதிரணிக்காரர் ஒருவரின் கையிலேயே போய் விழுந்தது. அவர் 38 கெஜம் ஓடினார். அவர் எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. 27–23. மிச்சிகன் தோற்றது.

அந்த நேரத்தில் தொலைக்காட்சிக் கேமரா பார்வையாளர் வரிசையில் ஒரு மாணவரைக் காட்டியது. இரண்டு கைகளும் தலைமேல், வாய் பிளந்தபடி, கண்கள் எங்கோ. அந்த முகம் மறுநாளைக்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. இந்த நிலைக்கு அமெரிக்கர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'சரெண்டர் கோப்ரா', சரணடைந்த நல்லபாம்பு. தூக்கிய கைகள் சரணாகதி, இருபுறமும் விரிந்த முழங்கைகள் பாம்பின் படம். நமக்கு இந்தப் பெயர் தேவைப்படவில்லை. 'தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்' என்று நாம் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஃபுட்பால் என்றதும் நம் மனதில் வரும் ஆட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, மோதித் தள்ளி, கெஜம் கெஜமாக முன்னேறும் அமெரிக்க ஆட்டம். அதில் தொழில்முறைப் போட்டிகள் தனி. அவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. கல்லூரிகளின் ஆட்டம் சனிக்கிழமை. நம் ஊர்க் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை நினைத்துக்கொண்டு இதை அளக்க வேண்டாம். ஆன் ஆர்பர் நகரத்தின் மொத்த மக்கள்தொகையே கிட்டத்தட்ட அந்த அரங்கம் கொள்ளும் அளவுதான். தொழில்முறை அணியை அதன் முதலாளி ஒரு நாள் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போகலாம். கல்லூரி எங்கும் போகாது. அதன் பெயர் ரசிகரின் பட்டச் சான்றிதழில் இருக்கிறது. பட்டமே வாங்காதவருக்கு அது ஊர்ப்பெயராகவோ அப்பா ஆதரித்த அணியாகவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, ஆட்டங்களின் எண்ணிக்கை. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. இன்று தோற்றால் நாளையே இன்னொன்று இருக்கும். கல்லூரி ஃபுட்பாலில் வழக்கமான பருவம் முழுவதற்கும் 12 ஆட்டங்கள், வாரத்துக்கு ஒன்று. ஒரு தோல்வியிலேயே அந்த ஆண்டின் பட்டக் கனவு கலைந்துபோகலாம். அந்தத் தோல்வியோடு குறைந்தது ஒரு வாரம் குடித்தனம் நடத்தியாக வேண்டும். ஆகவே ஒரு ரசிகர் தோல்வியை எப்படிச் சமாளித்தார் என்று அறிய, சனிக்கிழமை மாலை அவர் அழுதாரா என்று பார்த்துப் பயனில்லை. திங்கட்கிழமை காலையில் பார்க்க வேண்டும்.

ராபர்ட் சியால்டினி பார்த்தது திங்கட்கிழமையைத்தான். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியலாளரான அவர், 1973-ஆம் ஆண்டுப் பருவத்தில் சகாக்களோடு சேர்ந்து ஏழு பல்கலைக்கழகங்களில் ஆள் வைத்து எண்ணினார். திங்கட்கிழமை உளவியல் வகுப்புக்கு வரும் மாணவர்களில் எத்தனை பேர் தங்கள் பல்கலைக்கழகப் பெயரோ சின்னமோ பொறித்த சட்டை, மேலங்கி, பேட்ஜ் அணிந்திருக்கிறார்கள் என்பதே கணக்கு. மிச்சிகன், ஓஹாயோ ஸ்டேட், நோட்டர் டேம், லூயிசியானா ஸ்டேட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சனிக்கிழமை ஜெயித்திருந்தால் திங்கட்கிழமை சின்னங்கள் பெருகின. ஜெயிக்காத வாரங்களில் சட்டைகள் அலமாரியிலேயே தங்கிவிட்டன.

அதற்குப் பிறகு அவர் செய்தது இன்னும் நுட்பமானது. மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, வளாக வாழ்க்கை பற்றிச் சில கேள்விகள் கேட்டார்கள். பதில் எப்படி இருந்தாலும் சரி, சிலரிடம் 'நன்றாகச் சொன்னீர்கள்' என்றும் சிலரிடம் 'மற்றவர்களைவிட மோசம்' என்றும் சொன்னார்கள். பிறகு போகிற போக்கில், குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தைச் சொல்லி 'அதில் என்ன ஆயிற்று?' என்று கேட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்காக: 'நாங்கள்'. ஜெயித்த ஆட்டமென்றால் 'நாங்கள்' அதிகம் வந்தது, தோற்ற ஆட்டமென்றால் குறைந்தது. சற்றுமுன் 'மோசம்' என்று கேட்டு அடிபட்டிருந்தவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

தமிழில் இந்தச் சோதனையைச் செய்ய 'நாங்கள்' கூடத் தேவைப்படாது, வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். 'ஜெயிச்சிட்டோம்', 'தோத்துட்டானுங்க' என்று இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே வாரத்தில் வருவதைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. சியால்டினி இதை அடுத்தவர் புகழில் குளிர்காய்வது என்றார். 1976-இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, சி. ஆர். ஸ்னைடரும் சகாக்களும் மறுபக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். அடுத்தவர் தோல்வி நம்மேல் படாமல் வெட்டிக்கொள்வது. சுருக்கமாக, கழன்றுகொள்வது.

கழன்றுகொள்ள முடிந்தவர்களுக்குத் திங்கட்கிழமை ஒரு சுமையே இல்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். முடியாதவர்கள் இருக்கிறார்களே, இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது. டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் 1990-இல் காட்டியது இதைத்தான்: அணியோடு லேசாக ஒட்டியிருப்பவர் தோல்வியில் எளிதாகப் பிரிந்துபோகிறார், ஆழமாக ஒட்டியிருப்பவரால் முடிவதில்லை. அவருக்கு அந்த அணி 'நான் யார்' என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி. அதை வெட்டினால் ரத்தம் வரும்.

வெட்ட முடியாதவர் என்ன செய்வார்? நடந்ததையே வேறு விதமாகப் பார்ப்பார். இதற்கான சான்று இந்தத் துறையிலேயே பழையது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1951 நவம்பரில் பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. 13–0 என்று பிரின்ஸ்டன் ஜெயித்தது. யார் முதலில் அடித்தது என்று இரு கல்லூரிகளும் வாரக்கணக்கில் சண்டையிட்டன. டார்ட்மத்தின் ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் பிரின்ஸ்டனின் ஹேட்லி கான்ட்ரிலும் ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக 9.8 கண்டார்கள், டார்ட்மத் மாணவர்கள் கண்டது 4.3. ஒரே படம்தான்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. தொலைவில் இருந்த டார்ட்மத்தின் பழைய மாணவர் ஒருவர், தம் ஊர்ச் சங்கத்தில் திரையிட அந்தப் படச்சுருளை வரவழைத்தார். போட்டுப் பார்த்தால், ஊரெல்லாம் பேசிய முரட்டுத்தனத்தை அவரால் காண முடியவில்லை. முக்கியமான பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள், விடுபட்டதை உடனே அனுப்புங்கள் என்று தந்தி அடித்துவிட்டார். படத்தில் எதையும் யாரும் வெட்டியிருக்கவில்லை.

நடுவர் திருடிவிட்டார் என்று நம்ப முடிகிற ரசிகர் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர். அதுவும் கைகொடுக்காதபோது தோல்வி ரசிகருக்குள்ளேயே இறங்குகிறது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஹர்ட்டும் சகாக்களும், 1992-இல் வெளியான ஆய்வில், மாணவர்களைக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கவைத்தார்கள். முடிந்ததும் அம்பு எறிவது, எழுத்துகளைக் கலைத்துப்போட்ட சொல்லைக் கண்டுபிடிப்பது, அழகான ஒருவரிடம் 'வெளியே போகலாமா' என்று கேட்பது போன்றவற்றில் நீங்கள் எவ்வளவு தேறுவீர்கள் என்று கேட்டார்கள். அணி தோற்றிருந்தால், தீவிர ரசிகர்கள் தங்கள் திறமையையே குறைத்து மதிப்பிட்டார்கள். பந்தைத் தவறவிட்டது வேறு யாரோ. பெண் மறுத்துவிடுவாள் என்று பயந்தது சோபாவில் உட்கார்ந்திருந்த இவர்.

உடம்பும் இதில் சேர்ந்துகொள்வதாக ஓர் ஆய்வு உண்டு. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்துக்கு முன்னும் பின்னும் ரசிகர்களின் எச்சிலைச் சோதித்ததில், பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. ஆனால் சோதித்தது இருபது பேர் அளவில்தான். அதன்மேல் பெரிய மாளிகை கட்ட வேண்டாம்.

இதுவரை தோல்வி என்றே பேசிவந்தோம். எல்லாத் தோல்வியும் ஒரே எடையா? இல்லை என்று ரசிகருக்குத் தெரியும். தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்து தோற்பது வேறு, இலைக்கு முன் உட்கார்ந்தபின் எழுப்பிவிடப்படுவது வேறு. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வைத்த கோட்பாட்டின் சாரமும் இதை ஒட்டியதே: மனிதர்கள் லாப நஷ்டத்தைத் தாங்கள் மனதில் வைத்திருக்கும் ஒரு புள்ளியிலிருந்து அளக்கிறார்கள், அதற்குக் கீழே இறங்குவது அதே அளவு மேலே ஏறுவதைவிட அதிகமாக உறைக்கிறது.

ரசிகரின் மனதில் அந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று வெளியாள் எப்படி அறிவது? பொருளியலாளர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: பந்தயக்காரர்கள். இந்த அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு ஓர் எண் வெளிவருகிறது. காசு புழங்கும் இடம், ஆகவே கவனமாகப் போடப்பட்ட எண். நம்பிக்கைக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. சில ஆட்டங்களுக்கு அந்த எண்ணைப் போடவே பலர் மெனக்கெடுவதில்லை என்பதும் ஒரு செய்திதான். 2007 செப்டம்பர் 1 அன்று, நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், கீழ்ப்பிரிவு அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டை 4 லட்சம் டாலர் கொடுத்துத் தன் அரங்கத்துக்கு வரவழைத்தது. லாஸ் வேகஸில் பெரும்பாலான பந்தய நிலையங்கள் அந்த ஆட்டத்தைச் சீந்தவில்லை. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்து தடுக்கப்பட்டு, 34–32 என்று விருந்தாளி ஜெயித்துவிட்டுப் போனார்.

டேவிட் கார்டும் கார்டன் டாலும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த எண்ணைப் பயன்படுத்தினார்கள். தொழில்முறை அணிகளின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களையும், அந்தந்த ஊர்க் காவல்துறைக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்களையும் அருகருகே வைத்தார்கள். 4 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்ற நாட்களில், ஆண்கள் மனைவியையோ காதலியையோ வீட்டில் தாக்கிய சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. ஆட்டம் முடிகிற நேரத்தை ஒட்டியே இந்த உயர்வு இருந்தது. இரு அணியும் சமம் என்று கருதப்பட்ட ஆட்டத்தில் தோற்றால் அப்படி இல்லை. எதிர்பாராத வெற்றியால் வன்முறை குறையவும் இல்லை. நம்பிக்கை உடைந்ததன் விலையைக் கொடுத்தவர்களில் ஆட்டத்தையே பார்க்காத பெண்களும் இருந்திருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு 'குடித்துவிட்டு அடிக்கும் முரடர்கள்' என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒஸ்கான் எரனும் நஜி மோஜனும் அப்படி ஒதுக்க விடவில்லை. இவர்கள் எடுத்துக்கொண்டது லூயிசியானா மாநிலத்தின் சிறார் நீதிமன்றங்கள், 1996 முதல் 2012 வரையான தீர்ப்புகள். அந்த மாநிலத்தில் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணிதான் குலதெய்வம். ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த ஆட்டத்தில் அந்த அணி தோற்ற வாரத்தில், நீதிபதிகள் சிறுவர்களுக்குக் கொடுத்த தண்டனைக் காலம் நீண்டிருந்தது. எந்த நீதிபதிகள்? முக்கியமாக, அதே பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள். நீண்ட தண்டனையின் சுமை அதிகம் விழுந்தது கறுப்பினச் சிறுவர்கள்மேல்.

அந்த நீதிபதிகளில் ஒருவர்கூட, சனிக்கிழமை தோற்ற கோபத்தைத் திங்கட்கிழமை இந்தப் பையன்மேல் காட்டுகிறேன் என்று நினைத்திருக்க மாட்டார். குளித்து, அங்கி அணிந்து, வழக்குக் கட்டைப் புரட்டித்தான் தீர்ப்பு எழுதியிருப்பார். எனக்கு அச்சம் தருவது இதுதான். அரங்கத்தில் தலையில் கைவைத்து நின்ற மாணவரைப் பார்த்து நாடே சிரித்தது; அவர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. வருத்தத்தை எல்லார் முன்னாலும் காட்டிவிட்டவரை நம்பலாம். அது தீர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு வேலைக்குப் போகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கல்லூரி ஃபுட்பாலை எதனோடு முடிச்சுப்போட்டாலும் ஒரு கட்டுரை கிடைக்கும் என்ற நிலை இருக்கிறது. தேர்தலுக்குச் சற்று முன் உள்ளூர் அணி ஜெயித்தால், பதவியில் இருக்கும் கட்சிக்கு அந்த மாவட்டத்தில் வாக்கு கூடுகிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. 2015-இல் ஆண்டனி ஃபவுலரும் பாப்லோ மான்டான்யேவும் அதைப் பல விதமாகச் சோதித்து, தற்செயலை விளைவு என்று எண்ணிவிட்டார்கள் என வாதிட்டார்கள். வேறொரு ஆய்வின்படி தீங்கு செய்வது தோல்வியல்ல, வெற்றி: ஆரெகன் பல்கலைக்கழகத்தில் அணி ஜெயித்த பருவங்களில்தான் ஆண் மாணவர்களின் மதிப்பெண்கள் பெண்களோடு ஒப்பிடும்போது சரிந்தன. படிப்பைக் கெடுப்பது தோல்வி என்று சொல்லும் அப்பாக்கள் கவனிக்க.

மாட்டியவர்கள் தலையில் கோபம் இறங்குவதற்கு ஆய்வு தேவைப்படாத சான்றுகளும் உண்டு. அலபாமா மாநிலத்தில் அலபாமாவும் ஆபர்னும் பரம்பரைப் பகையாளிகள். 2010 நவம்பரில் அலபாமா 24–0 என்று முன்னால் இருந்து, கடைசியில் 28–27 என்று தோற்றது. ஆபர்ன் ஊரில் டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் இரண்டு பெரிய ஓக் மரங்கள் நின்றன. ஜெயித்தால் அவற்றின்மேல் டாய்லெட் பேப்பரை வீசித் தோரணம் கட்டுவது அவ்வூர் வழக்கம். அலபாமா ரசிகர் ஒருவர் அந்த மரங்களின் வேரில் களைக்கொல்லி ஊற்றினார். ஊற்றியதோடு நிற்காமல், வானொலி நிகழ்ச்சிக்கு வேறு பெயரில் தொலைபேசி செய்து பெருமையும் அடித்துக்கொண்டார். தோட்டக்கலை வல்லுநர்கள் மண்ணைத் தோண்டி மாற்றிப் பார்த்தும் பலனில்லை. 2013 ஏப்ரலில் மரங்களை வெட்டவேண்டியதாயிற்று.

அதே 2013 நவம்பரில் அலபாமா மறுபடியும் ஆபர்னிடம் தோற்றது. அன்று மூன்று முறை கோலைத் தவறவிட்ட அலபாமாவின் கேட் ஃபாஸ்டருக்கு மிரட்டல்கள் குவிந்தன. அப்போது அவருக்குக் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் முன்னாள் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ். ஃபாஸ்டரின் சட்டை எண் 43. புஷ் அந்நாட்டின் 43-ஆம் ஜனாதிபதி. சறுக்கல்கள் எல்லாருக்கும் வரும், எனக்குத் தெரியும் என்று ஆறுதல் சொல்லி, இன்னொரு 43 என்று கையெழுத்திட்டிருந்தார்.

கடிதம் போட ஜனாதிபதி இல்லாத சாதாரண ரசிகருக்கு என்ன வழி? இரண்டு ஆய்வுகள் உதவும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமதி வில்சனும் சகாக்களும், ஆட்டத்துக்குப் பிறகு எப்படி உணர்வீர்கள் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். தங்கள் மனம் நாள்கணக்கில் ஆட்டத்தின் பிடியில் இருக்கும் என்று கணித்தவர்கள், உண்மையில் அதைவிட வேகமாகச் சமநிலைக்கு வந்திருந்தார்கள். கணிப்பதற்கு முன் சிலரை, வரப்போகும் ஒரு நாளில் செய்யவிருக்கும் வேலைகளுக்கெல்லாம் நேரம் ஒதுக்கி எழுதச் சொன்னார்கள். தூக்கம், சாப்பாடு, வகுப்பு, நண்பர்கள். அப்படி எழுதியவர்களின் கணிப்பு மிதமாக இருந்தது. ஆட்டத்தை மட்டும் உற்றுப் பார்க்கும்போது, அதைச் சுற்றி ஒரு வாழ்க்கை ஓடிக்கொண்டிருப்பது மறந்துபோகிறது.

மற்றொன்று மறுபடியும் திங்கட்கிழமையைப் பற்றியது. யான் கொர்னீலும் பியர் ஷாந்தோனும் 2013-இல் வெளியிட்டது. தொழில்முறை அணி தோற்ற மறுநாள், அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 16 சதவீதம் கூடியது. ஜெயித்த மறுநாள் 9 சதவீதம் குறைந்தது. நூலிழையில் தோற்றிருந்தால் தட்டு இன்னும் நிறைந்தது. ஆனால் சோதனைக்கூடத்தில், உங்கள் வாழ்வில் உங்களுக்கு எது முக்கியம், ஏன் என்று சில நிமிடம் எழுதச் சொன்னபோது இந்த விளைவு மறைந்துவிட்டது. யாரும் அணியைக் கைவிட வேண்டியிருக்கவில்லை.

ஆன் ஆர்பரில் பந்தைத் தவறவிட்டவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிளேக் ஓநீல். அவருக்கும் வசைகள் வந்தன, செத்துப்போ என்பது உட்பட. பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிர்வாகி அவற்றைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அட்டவணைப்படி அதற்கடுத்த சனிக்கிழமை மிச்சிகனுக்கு ஆட்டம் இல்லை. ரசிகர்கள் அந்தத் தோல்வியோடு இரண்டு திங்கட்கிழமைகளைக் கடந்தார்கள். அக்டோபர் 31 அன்று அணி மினசோட்டாவுக்குப் போனது. ஆட்டம் முடிய 2 நொடி இருக்கையில் பந்து மினசோட்டாவிடம் இருந்தது, கோட்டுக்கு ஒரு கெஜத்துக்கும் குறைவான தூரத்தில். மிச்சிகன் மறித்து நின்றது. 29–26 என்று ஜெயித்தது.